மச்சான் கைக்குப் போன பெரியவர்

சட்டம் போடுவதுதான் அவருடைய பிழைப்பு. கோர்ட்டுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. படங்களுக்குப் போடுகிற சட்டம். மரத்தில், அலுமினியத்தில், தங்கம் போல மினுக்குகிற ஏதோ ஒன்றில். தெருவில் எல்லோருக்கும் அவர் சட்டக்காரர். “ஊருக்கெல்லாம் சட்டம் போடுறேன், வீட்டுல மட்டும் என் சட்டம் செல்லுபடி ஆக மாட்டேங்குது” என்று புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் சொல்லுவார். கடையின் பின்பக்க மேசையில் படத்தைச் சுற்றி வைக்கிற கெட்டி அட்டையை வெட்டிக்கொண்டிருக்கும் அவர் மனைவி இதற்குத் தலையைக்கூடத் தூக்க மாட்டாள். கல்யாணமான புதிதில் ஒரு தடவை சிரித்ததோடு சரி.

கடை வாசலில் பாதி நடைபாதையை அடைத்துக்கொண்டு நிற்கும் எஸ்யூவியும் அவருடையதுதான். வாங்கும்போதே உலகம் பார்த்த வண்டி. நிலம் அளக்கும் ஒருவர் மேட்டிலும் பள்ளத்திலும் ஓட்டித் தீர்த்து, இனி நம்மால் ஆகாது என்று கைகழுவிய பிறகு இவரிடம் வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு இவர் ஓட்டியதையும் கூட்டிப் பார்த்தால் பூமியை ஏழெட்டுச் சுற்று சுற்றியிருக்கும். ஆனாலும் பின் இருக்கைகளை மடக்கிவிட்டால் ஆள் உயரக் கண்ணாடியை ஒருக்களித்து நிறுத்தி, ஒரு கீறல் விழாமல் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

வீட்டில் யாரும் வண்டியை ‘அது’ என்று சொல்வதில்லை. பெரியவர். “பெரியவர் இன்னிக்குச் சீக்கிரம் எழுந்துட்டார்.” “பெரியவருக்கு ரெண்டு நாளா இருமல்.” “பெரியவர் ஆயில் கேக்கிறார்.” இப்படித்தான் பேச்சு போகும். தெரியாதவர்கள் கேட்டால் உள்ளறையில் ஒரு மாமனார் படுத்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். நினைத்துக்கொண்டு ஆப்பிள் வாங்கி வந்தவரும் உண்டு.

இந்த மரியாதைக்கெல்லாம் மசியாத ஒரே ஆள் சட்டக்காரரின் மச்சான். மனைவியின் அண்ணன், பல் டாக்டர். வெள்ளைச் சட்டையில் ஒரு மடிப்பு கலையாமல், பக்கத்தில் வந்தாலே புதினா வாசம் அடிக்க நடமாடுகிற மனிதர். நான்கு மாதத்துக்கு முன்புதான் புது எலெக்ட்ரிக் கார் வாங்கியிருந்தார். அது சத்தமே போடாது. பேச மட்டும் செய்யும். பெல்ட் போடச் சொல்லும், வழி சொல்லும், கதவைச் சாத்தினால் நன்றி சொல்லும். அதிலிருந்து இறங்கும்போதெல்லாம் மச்சான் பெரியவரை ஒரு பார்வை பார்ப்பார்.

“மாப்ள, சொத்தைப் பல்லை வாயில வெச்சுக்கிட்டுத் தைலம் தடவிட்டு இருக்கக் கூடாது. பிடுங்கிப் போட்டுடணும்.”

“ஓடிட்டுத்தானே மச்சான் இருக்கார்?”

“அது ஓடுதா? நீங்க பக்கத்துல ஓடுறீங்க, கூச்சப்பட்டுக் கூட வருது.”

சட்டக்காரர் பெரியவரின் முன்பக்கத்தைத் துணியால் துடைத்துவிடுவார், காதில் விழுந்துவிடக் கூடாதே என்பதுபோல.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் கை முறிந்தது.

பெரியவரின் பின்கதவு மேல்நோக்கித் திறக்கும். திறந்த கதவைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய இரண்டு தண்டுகளும் எப்போதோ தெம்பிழந்துவிட்டன. அதனால் தங்க நிறச் சட்டத்தில் மிஞ்சிய ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து வைப்பது வழக்கம். அன்று காலை படம் ஏற்றும்போது கட்டை நழுவியது. கதவு ‘தொப்’பென்று சட்டக்காரரின் வலது கையில் இறங்கியது. படத்தை அவர் விடவில்லை. படம் தப்பித்தது, எலும்பு தப்பிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட டாக்டர், “எப்படி ஆச்சு?” என்று கேட்டார்.

“பாத்ரூம்ல வழுக்கிட்டேன் சார்” என்றார் சட்டக்காரர், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

பக்கத்தில் நின்ற மனைவி திரும்பிப் பார்த்தாள். வெளியே வந்து ஆட்டோவில் ஏறும்வரை பொறுத்திருந்தாள்.

“எதுக்குப் பொய்?”

“பெரியவர் பேர் கெட்டுப்போயிடும்.”

“அவருக்கு இனிமேல் கெடறதுக்குப் பேர் ஒண்ணு இருக்கா?”

“உங்க அண்ணன் காதுல விழுந்தா நாளைக்கே ஆள் கூட்டிட்டு வந்து எடைக்குப் போட்டுடுவார். தயவுசெஞ்சு பாத்ரூம்னே சொல்லு.”

அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். இல்லை.

பாத்ரூம் என்று சொன்னதற்குப் பலன் அன்று மாலையே கிடைத்தது. மச்சான் வழுக்காத ரப்பர் விரிப்பும், சுவரில் பதிக்கும் கைப்பிடிகளும், ஒரு துளைபோடும் மிஷினும் எடுத்துக்கொண்டு வந்து இறங்கினார். “இந்த வயசுல ஜாக்கிரதையா இருக்க வேணாமா மாப்ள” என்று பாத்ரூம் சுவரில் துளைத்துக்கொண்டே இருந்தார். குழாயடியில் ஒன்று, கதவோரம் ஒன்று, எதற்கென்றே தெரியாமல் தலைக்கு மேல் ஒன்று. பல்லைத் துளைத்துப் பழகிய கை. நிறுத்தவே மனசு வரவில்லை. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, தெறித்து விழும் டைல் துண்டுகளைப் பார்த்தபடி சட்டக்காரர் உட்கார்ந்திருந்தார்.

கை போனது ஒரு பக்கம் இருக்கட்டும், வேலை தலைக்கு மேல் இருந்தது. புதிதாகத் திறக்கப்போகிற குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு, வராந்தாவுக்கு வராந்தா, அறைக்கு அறை படங்கள். முயல், கப்பல், பட்டம், மேகம் என்று எல்லாம் சட்டத்துக்குள் போய் முடிந்தாயிற்று. கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பாக்கி. வாடகை வேன் பிடிக்கலாம் என்றால், போன தடவை பிடித்த வேன்காரர் கண்ணாடியைப் படுக்கப் போட்டு, மேலே ஸ்டெப்னி டயரைத் தலையணை மாதிரி வைத்துக் கொண்டுபோயிருந்தார். அதிலிருந்து வேன் என்ற சொல்லே அந்தக் கடையில் கெட்ட வார்த்தை. மனைவிக்கு ஸ்கூட்டர்தான் வரும்.

மறுநாள் காலை சட்டக்காரர் இடது கையால் காபியைக் கன்னத்தில் குடித்துக்கொண்டிருந்தபோது மச்சான் வந்து நின்றார்.

“சாவி எங்க?”

“எந்தச் சாவி?”

“தங்கச்சி போன் பண்ணினா. கிளினிக்ல என் சிகிச்சை நாற்காலி ரிப்பேர். பத்து மாசம்கூட ஆகல, சாஞ்சது சாஞ்சபடியே நின்னுடுச்சு, நிமிர மாட்டேங்குது. பார்ட்ஸ் கப்பல்ல வருதாம். அதுவரைக்கும் சும்மாத்தான் இருக்கேன். அந்தத் தகரத்தை நானே ஓட்டித் தொலைக்கிறேன்.”

சட்டக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் அட்டை வெட்டுவதில் மும்முரமாக இருந்தாள். கையில் அட்டையே இல்லை.

வேறு வழியில்லை. சாவியை எடுத்து, கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்துவிட்டுக் கொடுத்தார். பிறகு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்த மச்சானுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து பாடம் ஆரம்பித்தார்.

“சாவியைப் பாதி திருப்புங்க. ஆரஞ்சு விளக்கு எரியுதா? அது அணையட்டும். அணைஞ்சதும் உடனே திருப்பிடக் கூடாது. ஒரு மூச்சு விட்டுட்டுத் திருப்பணும்.”

“யார் மூச்சு விடணும்? நானா, அதுவா?”

“நீங்கதான். அப்புறம், பெட்ரோல் பங்க் பையன்கிட்ட டீசல்னு ரெண்டு தடவை சொல்லுங்க. டீசல் முள்ளு எப்பவும் பாதியிலேயே நிக்கும், நம்பாதீங்க. ரெண்டாவது கியர்ல இருந்து மூணாவதுக்கு நேரா போகக் கூடாது. நடுவுல ஒரு நிமிஷம் உட்கார வெச்சுட்டுக் கூட்டிட்டுப் போங்க. ஏசி வேணும்னா முன்னாடி இருக்கிற இந்தப் பெட்டியைத் திறந்து வைக்கணும்.”

“அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?”

“தெரியாது மச்சான். கேட்டதில்ல. ஜன்னலை இறக்கிடாதீங்க, ஏத்தறதுக்கு ரெண்டு ஆள் வேணும். ஹாரன் ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடிச்சா மட்டும்தான் அடிக்கும்.”

“வலது பக்கம் யாராவது வந்தா?”

“அவங்களா பார்த்து ஒதுங்கிப்பாங்க. பெரியவரைப் பார்த்தா யாரும் பக்கத்துல வர்றதில்ல.”

மச்சான் நெற்றியைத் தடவிக்கொண்டு சாவியைத் திருப்பினார். சட்டக்காரர் மனதுக்குள் ஒரு சின்ன ஆசை இருந்தது. நல்ல ஆசை என்று சொல்ல முடியாது. பெரியவர் முரண்டு பிடிக்க வேண்டும். மூன்று, நான்கு முறை இருமிவிட்டு அடங்க வேண்டும். ‘மாப்ள, எனக்கு வராது, நீங்களே வாங்க’ என்று மச்சான் இறங்க வேண்டும்.

பெரியவர் முதல் திருப்பிலேயே எழுந்தார். எழுந்தது மட்டுமா, புகைகூட விடவில்லை. பூனை மாதிரி உறுமிக்கொண்டு நின்றார்.

“என்னமோ பெரிசா சொன்னீங்க?” என்றார் மச்சான்.

சட்டக்காரர் வெளியே பார்த்தார். இத்தனை வருஷம் கூட இருந்தும் தனக்கு இப்படி ஒரு நாள் எழுந்ததுண்டா என்று யோசித்தார்.

முதல் நாள் இரண்டு நடை. ஹாரன் அடிக்க வேண்டி வந்தபோதெல்லாம் மச்சான் இடது பக்கம் ஒடிக்க, இடது பக்கம் போனவர்கள் எல்லோரும் கடைக்குள் ஏறித் தப்பித்தார்கள். ஒருவர் பழக்கடையில் ஏறி, ஏறிவிட்டோமே என்று திராட்சை வாங்கினார். மூன்றாவது கியரில் பெரியவர் கனைத்தார். மச்சான் பல்லைக் கடித்துக்கொண்டு, “அது என்ன சத்தம், அது என்ன சத்தம்” என்று கேட்டபடியே ஓட்டினார். இறங்கும்போது வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. “நாளைக்கு வேற யாரையாவது பாருங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்தார். கையில் ஒரு சின்னப் பெட்டி.

“முன்னாடி அந்த டிக்கு டிக்குன்னு அடிக்குதே, ராத்திரி படுத்தா காதுல அதுதான் கேக்குது. என்னன்னு பார்க்கலாம்.”

பெரியவரின் டாஷ்போர்டில் ஒரு பிளவு. வேகம் கூடக் கூட அது டிக்கு டிக்கு என்று தாளம் போடும். எத்தனையோ மெக்கானிக்குகள் பார்த்துவிட்டு, “வயசாச்சு சார், இருக்கட்டும்” என்று விட்ட சங்கதி. மச்சான் பெட்டியைத் திறந்தார். பல் அச்செடுக்கிற ரோஜா நிற மாவு. இரண்டு விரலால் பிசைந்து, பிளவில் வைத்து அழுத்தி, மீதியை வழித்து, “கொஞ்ச நேரம் அப்படியே இருங்க, அசையாதீங்க” என்றார். பெரியவரிடம் சொன்னார். வாய்ப்பழக்கம்.

அன்று முழுக்க டிக்கு டிக்கு இல்லை. மச்சான் சீட்டி அடித்துக்கொண்டு ஓட்டினார். சட்டக்காரருக்குத்தான் நிலைகொள்ளவில்லை. வேகமுள்ளைப் பார்க்காமலே, அந்தத் தாளத்தைக் கேட்டே வேகம் சொல்லிவிடுவார் அவர். இப்போது பக்கத்தில் யாரோ பேச்சை நிறுத்திவிட்டு முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் புலம்பினார். “என்கிட்ட இத்தனை வருஷம் டிக்கு டிக்குனு இருந்தவர், உங்க அண்ணன்கிட்ட வாயைத் திறக்க மாட்டேங்கிறார்.”

“பல் டாக்டர்கிட்ட யாருங்க பேசுவாங்க?” என்றாள் அவள்.

அந்த வாரக் கடைசியில் மச்சான் ஒரு தொப்பி போட்டுக்கொண்டு வந்தார். தொப்பி போடுகிற ஆள் இல்லை அவர். படம் ஏற்றும்போது குனிந்தார், தொப்பி விழுந்தது. நெற்றிக்கு மேல் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு வீக்கம்.

“என்ன மச்சான் இது?”

“ஒண்ணும் இல்ல. கிளினிக்ல விளக்கு இடிச்சிடுச்சு.”

“கிளினிக்தான் மூடியிருக்கே?”

மச்சான் தொப்பியை எடுத்துத் தூசி தட்டினார். நெடுநேரம் தட்டினார். பின்கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த தங்க நிறக் கட்டை மேல் அவர் கண் போய்ப் போய் வந்தது. சட்டக்காரர் அந்தப் பார்வை போன இடத்தைப் பார்த்தார்.

“நேத்து சாயங்காலமா?”

மச்சான் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “உங்களுக்கு அக்கா முறைல ஒருத்தி இருக்காளே என் வீட்டுல, அவகிட்ட விளக்குன்னுதான் சொல்லியிருக்கேன். உண்மை தெரிஞ்சா சாவியைப் பிடுங்கிடுவா. அவர் மேல தப்பில்ல மாப்ள. நான்தான் கட்டையைச் சரியா வைக்கல.”

சட்டக்காரர் நிமிர்ந்தார். ‘அவர்’ என்றாரே!

மச்சான் சட்டென்று ஏதோ உறைத்தவர் போலச் சட்டக்காரரின் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார்.

“மாப்ள. நீங்க பாத்ரூம்ல வழுக்கல.”

“இல்ல.”

“நான் உங்க சுவத்துல அத்தனை ஓட்டை போட்டேன்.”

“பரவாயில்ல மச்சான். துண்டு காயப்போட வசதியா இருக்கு.”

இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். ஒருவருக்கு நெற்றி வலித்தது, இன்னொருவருக்குக் கை வலித்தது. கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த மனைவி, என்ன ஏது என்று கேட்காமல் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

கடைசி நடைக்கு ஒரே ஒரு படம்தான். ஆஸ்பத்திரி முகப்புக் கூடத்துக்கான திமிங்கலம். கண்ணாடி போட்டு, சட்டம் போட்டு முடித்தபோது அது கடைக்கு உள்ளே இருந்ததா, கடை அதற்கு உள்ளே இருந்ததா என்று சொல்வது கடினம். பெரியவரில் ஏற்றியதும் உள்ளே திமிங்கலத்துக்குப் போக மீதி இடத்தில் மூன்று பேர். மச்சான் ஓட்ட, சட்டக்காரர் பக்கத்தில், மனைவி பின்னால் படத்தைப் பிடித்துக்கொண்டு. நல்ல உச்சி வெயில்.

மேம்பாலத்தில் ஏறும்போது சூட்டு முள் மெல்ல மேலே போனது. பெரியவரிடம் நம்பக்கூடிய முள் அது ஒன்றுதான். பாலத்தில் நிறுத்த இடமில்லை. பின்னால் வண்டிகள் வால் பிடித்து வந்துகொண்டிருந்தன.

“மச்சான், ஏசியை அணைங்க. ஹீட்டரைப் போடுங்க. முழுசா.”

“என்னது? வெளியே வெயில் பொளக்குது மாப்ள!”

“எஞ்சின்ல இருக்கிற சூட்டை நாம வாங்கிக்கிட்டாத்தான் அவர் தாங்குவார். போடுங்க!”

மச்சான் ஒரு கணம் யோசித்தார். பிறகு திருகினார். அடுப்பு ஊதுகிற மாதிரி அனல் முகத்தில் அறைந்தது.

“ஜன்னல்!” என்று பின்னாலிருந்து மனைவி கத்தினாள். ஜன்னல்களை இறக்கினார்கள். அப்படி ஒன்றும் மாறிவிடவில்லை. உள்ளே இருந்த அனலும் வெளியே இருந்த அனலும் கைகுலுக்கிக்கொண்டன. மச்சானின் புதினா வாசம் போன இடம் தெரியவில்லை. மூக்கு நுனியிலிருந்து வியர்வை ஸ்டியரிங்கில் சொட்டியது. “முள்ளு? முள்ளு?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். “நிக்குது... நிக்குது... இறங்குது மச்சான், இறங்குது!” என்றார் சட்டக்காரர். சூட்டில் சிவந்துபோன மூன்று பேரும் தேர்வில் பாஸான பிள்ளைகள் மாதிரி கத்தினார்கள். பக்கத்தில் போன பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் பெரியவரை நிழலாகப் பார்த்து நிறுத்தி, பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு, மச்சானும் சட்டக்காரரும் தண்ணீர் கேட்க உள்ளே போனார்கள். சட்டை பிழிந்தால் ஒரு வாளி தேறும். வரவேற்பு மேசையில் இருந்த பெண் இவர்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். ஒருவர் கையில் கட்டு, ஒருவர் நெற்றியில் வீக்கம், இரண்டு பேர் முகமும் வெந்த மாதிரி.

“சார், என்ன ஆச்சு? உட்காருங்க, உட்காருங்க. இது குழந்தைங்க ஆஸ்பத்திரி சார்...”

“எங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா” என்றார் மச்சான் மூச்சு வாங்கிக்கொண்டு. “பெரியவருக்குத்தான் சூடு ஏறிடுச்சு. கொஞ்சம் தண்ணி வேணும்.”

“காய்ச்சலா? பெரியவங்களை இங்க பார்க்க மாட்டாங்களே சார். எங்க இருக்கார்?”

“வாசல்ல நிக்கிறார்.”

“ஐயோ பாவம், இந்த வெயில்லயா? உள்ள கூட்டிட்டு வந்து உட்கார வையுங்க சார்!”

“உள்ள வர மாட்டார்மா” என்றார் சட்டக்காரர். “இந்தக் கதவு அவருக்குப் பத்தாது.”

அந்தப் பெண் ஒரு நர்ஸையும் கூட்டிக்கொண்டு, தண்ணீர்ப் பாட்டிலோடு வாசலுக்கு ஓடினாள். அங்கே வாயைப் பிளந்துகொண்டு நின்ற பெரியவரையும், அவருக்கு அட்டையால் விசிறிக்கொண்டிருந்த சட்டக்காரரின் மனைவியையும் பார்த்தாள். பிறகு பாட்டிலை மச்சானிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். நர்ஸ்தான் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

திமிங்கலம் ஒரு கீறல் இல்லாமல் சுவரில் ஏறியது. அதற்குள் பெரியவர் ஆறியிருந்தார். மச்சான் சட்டைப் பையிலிருந்து பல் பார்க்கிற சின்னக் கண்ணாடியை எடுத்து, எஞ்சினுக்குள் விட்டு, அப்படியும் இப்படியும் திருப்பினார். “இன்னும் கொஞ்சம்... ம்ம்... இதோ” என்றார். தண்ணீர்க் குழாயின் அடிப்பக்கம், மேலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை. ரப்பர் நாடாவைச் சுற்றிக் கட்டி, தண்ணீர் ஊற்றி, வழியில் மெக்கானிக்கிடம் காட்டிக் குழாயை மாற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்கள். இறங்கும்போது மச்சான் பெரியவரின் கதவை ஒரு தட்டுத் தட்டினார். குதிரை வைத்திருப்பவர்கள் தட்டுகிற மாதிரி.

படங்கள் போய்ச் சேர்ந்தன. கப்பலில் பார்ட்ஸ் வந்தது. கிளினிக் நாற்காலி நிமிர்ந்தது. சட்டக்காரரின் கட்டும் பிரித்தாயிற்று. சாவி மட்டும் வரவில்லை, பெரியவரும் மச்சான் வீட்டிலேயே நின்றார்.

கேட்டால் மச்சான் ஒவ்வொரு தடவையும் ஒன்று சொன்னார். ஆயில் மாற்ற வேண்டும். பிரேக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கிளினிக்குக்கு ஒரு அலமாரி வருகிறது, எலெக்ட்ரிக் காரில் போகாது. கடைசியில் ஒரு நாள், “கட்டுப் பிரிச்சாலும் இன்னும் கொஞ்ச நாள் கைக்கு வேலை கொடுக்கக் கூடாது மாப்ள. டாக்டரா சொல்றேன்” என்றார்.

“நீங்க பல் டாக்டர் மச்சான்.”

“டாக்டர் டாக்டர்தான்.”

சட்டக்காரர் மனைவியிடம் போய் முறையிட்டார். “தப்பா நினைக்காதே. உங்க அண்ணன் நல்லவர்தான். நல்லா ஓட்டுறார். என்னைவிட நல்லாவே பார்த்துக்கிறார். அதான்... அதான் கஷ்டமா இருக்கு.”

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். அவர் முகத்தை ஒரு முறை பார்த்தாள். பிறகு போனை எடுத்து அண்ணனை அழைத்தாள்.

“அண்ணா, பெரியவரைக் கொண்டுவந்து விடு. இன்னிக்கே. இவர் சரியா சாப்பிடல. உனக்கு அப்படி ஆசையா இருந்தா நீயும் ஒண்ணு வாங்கிக்கோ. ஊர்ல இல்லாத பழைய வண்டியா?”

மாலையில் பெரியவர் வந்தார். மச்சான் கழுவித் துடைத்து, பின்கதவுக்குப் புதுத் தண்டுகளும் மாட்டியிருந்தார். கதவு தூக்கிய இடத்தில் தானாக நின்றது. சாவியைக் கொடுத்துவிட்டு, “மூணாவது கியர்ல இப்போல்லாம் கனைக்கிறதில்ல, பார்த்துக்குங்க” என்றார். காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தெருமுனை வரை நடந்தே போனார். ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். சட்டக்காரருக்குப் பாவமாக இருந்தது. ஆனால் சாவியை யாரும் கேட்டுவிடாதபடி பாக்கெட்டுக்குள் தள்ளிக்கொண்டார்.

அதன் பிறகு சில நாள் மச்சானிடமிருந்து ஒரு பேச்சும் இல்லை. கோபமோ என்று இவர்கள் கவலைப்பட ஆரம்பித்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போன் வந்தது.

“மாப்ள, பெரியவரைக் கூட்டிட்டு நம்ம வீட்டுத் திருப்பம் வரைக்கும் வர முடியுமா? கயிறு இருந்தா எடுத்துட்டு வாங்க. தடிமனா.”

சட்டக்காரரும் மனைவியும் கிளம்பினார்கள். கை குணமான பிறகு அவர் அவ்வளவு தூரம் ஓட்டுவது அன்றுதான் முதல் தடவை. ஆரஞ்சு விளக்கு அணைந்தது, ஒரு மூச்சு விட்டார், திருப்பினார். பெரியவர் இரண்டு முறை இருமிவிட்டு எழுந்தார். இருமியதைக் கேட்டதும் சட்டக்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

“பார்த்தியா? என்கிட்ட மட்டும்தான் இருமுவார்” என்றார். மனைவி அதற்குச் சிரித்தாள். கல்யாணமான புதிதில் சிரித்த அதே சிரிப்பு இல்லை, அதைவிட நன்றாக இருந்தது.

மச்சான் வீட்டுத் திருப்பத்தில், ஏற்றத்துக்குக் கீழே, ஒரு வண்டி நின்றது. எஸ்யூவிதான். பெரியவருக்குச் சித்தப்பா முறை ஆகும் வயசு. மூன்று கதவு ஒரு நிறம், நான்காவது கதவு வேறு நிறம். பக்கத்தில் கைமுட்டி வரை கிரீஸ் அப்பிக்கொண்டு மச்சான். கொஞ்சம் தள்ளி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவர் மனைவி.

“நல்லாயிருக்கீங்களா?” என்று அவர்களைக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவள் ஆரம்பித்தாள். “பூ மாதிரி ஒரு கார் வீட்டுல நிக்குது. கூப்பிட்டா வருது, சொன்னா போகுது. இவருக்கு இதுதான் வேணுமாம். வாங்கி வர்ற வழியிலேயே நாலு இடத்துல நின்னுடுச்சு.”

“மூணு இடம்” என்றார் மச்சான். “பேட்டரி கொஞ்சம் இறங்கியிருக்கு, அவ்வளவுதான். இந்த இரும்பைத் தட்டிப் பாருங்க மாப்ள. இப்போ யார் இப்படிப் போடுறாங்க? அம்மணின்னு பேர் வெச்சிருக்கேன்.”

“அம்மணியாம்!” என்றாள் அவர் மனைவி வானத்தைப் பார்த்து.

சட்டக்காரர் இறங்கி அம்மணியைச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். டயரை அழுத்தினார். நிறம் மாறிய கதவைத் திறந்து சாத்தினார். அது மூன்றாவது முயற்சியில் சாத்திக்கொண்டது. மச்சான், முடிவு சொல்லப்போகிற டாக்டர் முகத்தைப் பார்ப்பது போல அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்ல உடம்பு மச்சான்” என்றார் சட்டக்காரர். “வேலை இருக்கு. ஆனா நல்ல உடம்பு.”

மச்சானின் முகம் மலர்ந்ததே, அதைச் சொல்லி மாளாது.

கயிற்றைக் கட்டினார்கள். மச்சான் அம்மணிக்குள் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். சட்டக்காரர் பெரியவரை முதல் கியரில் போட்டு, முட்டை மேல் கால் வைப்பது போல மெதுவாக நகர்த்தினார். கயிறு விறைத்தது. அம்மணி ஒரு முனகலோடு அசைந்தாள். “வருது மாப்ள, வருது! விடாதீங்க!” என்று பின்னாலிருந்து மச்சான் ஜன்னல் வழியே கத்தினார். சட்டக்காரர் கண்ணாடியில் அவரைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

இரண்டு வண்டிகளும் ஏற்றத்தில் ஊர்ந்தன. நாத்தனாரும் அண்ணியும் பேசிக்கொண்டே நடந்து வந்து, அம்மணியைத் தாண்டி, பெரியவரையும் தாண்டி, கேட்டைத் திறந்து வைக்க முன்னால் போனார்கள்.